மூன்றாவது கழுவல்

மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டியில்தான் கொண்டுவந்தார்.
மூடியில் சிவப்பு மையால் ‘பாரை 12’.
உள்ளே ஐஸ், ஐஸுக்குள் இரண்டு பொலித்தீன் பை,
அதற்குள் கப்டன்.
“தலை மட்டும் போதுமெண்டு சொன்னவை” என்றார் யூஜின்,
குருநகர், ஜெற்றி வீதி.
கையெழுத்துப் போட்ட கை நடுங்கவில்லை.
பேனையைத் திருப்பித் தரத்தான் மறந்துபோனார்.

படிவத்தில் ஒரு கேள்வி: கடிபட்டவர்.
மெலிற்றா, வயது ஏழு, இடது கெண்டைக்கால்.
இன்னொன்று: நாயின் நடத்தையில் மாற்றம்.
“தண்ணிச் சட்டியைப் பாத்துக் குரைச்சது” என்று எழுதச் சொன்னார்.
பிறகு, “அதை வெட்டிவிடுங்கோ.
வெயிலுக்கும் குரைச்சிருக்கும்.”
நான் வெட்டவில்லை.

மூளைத்தண்டில் ஒரு துண்டு, சிறுமூளையில் ஒரு துண்டு.
கண்ணாடியில் ஒற்றி எடுக்க வேண்டும்,
தபால்கந்தோரில் முத்திரை குத்துவதுபோல,
ஆனால் சத்தமில்லாமல்.
குளிர்ந்த அசற்றோனில் ஒரு மணித்தியாலம்.
பிறகு ஒரு துளி.

அந்தத் துளிக்குள் இருப்பதன் பெயர்
பிறபொருளெதிரி.
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய சொல்.
சேர்த்து எழுதினால் ஒரு புள்ளி.
பிற. பொருள். எதிரி.
பிரித்து வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒளிரும் சாயம் கட்டி அனுப்புகிறோம்.
விசர்நோய் வைரஸ் எந்தக் கலத்துக்குள் ஒளிந்திருந்தாலும்
போய்ப் பிடித்துக்கொள்ளும், விடாது.
ஆள் காட்டும்.

ஆள் காட்டும் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.
தொண்ணூற்றாறில் ஒரு மைதானத்தில்
எங்களை வரிசையில் விட்டார்கள்.
ஜீப்புக்குள் சாக்கு மூடிய ஒருவன்.
சாக்கில் இரண்டு ஓட்டை.
ஒவ்வொருவராய் அதற்கு முன்னால் நடக்க வேண்டும்.
எனக்குச் சாக்கு அசையவில்லை.
எனக்கு முன்னால் போன பேக்கரிப் பொடியனுக்கு
மேலும் கீழும் ஒரு தரம்.
உள்ளே ஒரு இலையான் போயிருக்கலாம்.

பிறபொருளெதிரியும் பிழைவிடும்.
ஆளில்லாத இடத்திலும் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும்.
அதனால்தான் கழுவுகிறோம்.
உப்புக் கரைசலில் ஐந்து நிமிடம்.
திரும்பவும் ஐந்து நிமிடம்.
மூன்றாந் தரம் நான் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை,
பொடியனின் காதில் மா ஒட்டியிருந்தது, அதைத்தான்.
இறுகப் பிடித்தது மட்டும் மிஞ்சும்.
பக்கத்தில் நோயில்லாத மூளை ஒன்று,
அதற்கும் அதே துளி, அதே கழுவல்.
அது இருண்டிருந்தால்தான் மற்றதை நம்பலாம்.
மைதானத்தில் அப்படி ஒரு கண்ணாடி இருக்கவில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமி எழும்பியது.
யன்னலுக்குக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு
விளக்குச் சூடாகும்வரை இருட்டுக்குள் இருந்தேன்.
பிறகு கண்ணை வைத்தேன்.

பச்சை.
நிலவில்லாத இரவில் துடுப்புப் போடும்போது
கடல் தண்ணீர் பற்றிக்கொள்ளுமே,
யூஜினுக்குத் தெரிந்திருக்கும், அந்த மாதிரி.
தூளாயும் உருண்டையாயும் கலத்துக்குக் கலம்.
அழகென்று சொல்லக் கூச்சமாயிருக்கிறது.
அழகுதான்.
மற்றக் கண்ணாடி: இருட்டு.
திரும்பவும் வைத்துப் பார்த்தேன். இருட்டு.

வாட்டுக்கு எடுத்துச் சொன்னேன்.
மெலிற்றாவுக்கு நேற்றே ஊசி தொடங்கியாயிற்று,
காயத்தைச் சுற்றிப் போடுவதும் போட்டாயிற்று.
இனிக் கப்டனின் வாய்க்குள் கைவிட்டு விளையாடியவர்கள்.
ஜெற்றி வீதியில் ஒன்பது பிள்ளைகள்,
ஒரு பாதிரியார்.

யூஜின் வெளியே வாங்கில் இருந்தார்.
கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்தார்.
“அப்ப அது வேணுமெண்டு கடிக்கேல்லை.”
“இல்லை.”
“பிள்ளைக்கு அதைச் சொல்லலாம்தானே.”
“சொல்லுங்கோ.”

படியில் இறங்கியவர் திரும்பினார்.
“பெட்டி?”
எரிக்க வேணும் என்றேன்.
“புதுப் பெட்டி” என்றார்.